ஸ்டாம் வீடு என்றால் மண் வீடா?

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்து சான்டா ஃபேயில் வீடு தேடுகிறீர்கள். ஒரு விளம்பரத்தில் "ஸ்டாம் கட்டிய புவேப்லோ பாணி வீடு" என்று போட்டிருந்தார்கள். நேரில் போனால் மண் நிறச் சுவர், மொட்டை மாடி, மழுங்கிய மூலைகள், ஹாலின் கூரையில் உருட்டு மரங்கள், எல்லாம் படத்தில் பார்த்தபடியே இருக்கின்றன. ஆனால் சுவரைத் தட்டினால் மண் சுவர் மாதிரி இல்லை. "இது சுடாத மண்கல்லில் கட்டிய அசல் அடோபியா, மண் நிறம் அடித்த சாதாரண வீடா? அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சுவரைப் பற்றியது போல இருந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன். இதில் ஏமாற்று ஏதும் இருக்கிறதா? இந்த வீடு இன்னும் ஐம்பது வருடம் நிற்குமா?

நியூ மெக்ஸிகோவின் வடபகுதியில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதும், அவற்றை ஒட்டி அறை சேர்ப்பதற்கு வரைபடம் போடுவதும் என் தொழில். விளம்பரம் சொன்ன அந்தக் கட்டுநர், ஆலன் ஸ்டாமின் வீடுகள் பலவற்றின் கூரை மேலேயும் தரைக்கு அடியிலேயும் போயிருக்கிறேன். நேரடியாகச் சொன்னால், நீங்கள் பார்த்தது மண் வீடாக இருக்க வாய்ப்பு குறைவு. அதனால் அது போலி என்று ஆகிவிடாது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பகுதியின் பழங்குடியினரான புவேப்லோ மக்கள் ஸ்பானியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மண்ணால் பல அடுக்கு வீடுகள் கட்டியவர்கள். குழைத்த மண்ணைக் கையால் வரிசை வரிசையாக ஏற்றிச் சுவர் எழுப்புவது அவர்கள் முறை. மரச்சட்டத்தில் அச்சடித்து வெயிலில் காயவைக்கும் சுடாத கல்லை ஸ்பானியர்கள் கொண்டுவந்தார்கள். இன்று அடோபி என்றால் பெரும்பாலும் 10 இன்ச் அகலம், 14 இன்ச் நீளம், 4 இன்ச் உயரம் உள்ள அந்தக் கல்தான். ஒன்று ஏறக்குறைய 14 கிலோ இருக்கும். சுவர் மேல் பைன் அல்லது ஸ்ப்ரூஸ் உருட்டு மரங்களை வைப்பார்கள். அவற்றுக்குப் பெயர் விகா. விகாக்களின் குறுக்கே மெல்லிய கழிகளைப் பரப்பி அதற்கு மேல் மண் போட்டால் கூரை. மழைத்தண்ணீர் சுவரில் படாமல் தள்ளி விழ, கைப்பிடிச் சுவரைத் துளைத்துக்கொண்டு கனாலே என்ற மரத்தூம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவர்களுடைய பழைய குடியிருப்பான டாவோஸ் புவேப்லோவில் இந்தக் கட்டுமானத்தை இன்றும் பார்க்கலாம். 1992 முதல் அது யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம். அந்த வீடுகளுக்கு அந்தக் காலத்தில் தெருப்பக்கம் கதவு கிடையாது. ஏணி வைத்து ஏறிக் கூரை வழியாக உள்ளே இறங்குவார்கள்.

சான்டா ஃபே நகரம் இந்தத் தோற்றத்தைத் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது அப்புறம் நடந்தது, அதுவும் யோசித்து எடுத்த முடிவு. ரயிலின் பிரதான பாதை நகரத்துக்குள் வராமல் தெற்கே இருக்கும் லாமி என்ற சிற்றூர் வழியாகப் போய்விட்டதால் வியாபாரம் படுத்துக் கிடந்தது. நியூ மெக்ஸிகோ மாநிலமான 1912இல்தான் நகரத்துக்குத் திட்டம் வரைந்து, மற்ற அமெரிக்க ஊர்களைப் போல ஆகாமல் பழைய உள்ளூர்ப் பாணியைக் காப்போம், அதையே காட்டிப் பயணிகளை வரவழைப்போம் என்று தீர்மானித்தார்கள். 1917இல் திறந்த கலை அருங்காட்சியகமும் 1922இல் வந்த லா ஃபோண்டா ஹோட்டலும் அந்த எண்ணத்தின் பலன்கள். ஜான் கா மீம் என்ற கட்டடக்கலைஞர் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தப் பாணியைச் செம்மைப்படுத்தினார். 1957இல் பழைய நகரப் பகுதிக்கு இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். இந்தக் காலத்துப் பெரிய கட்டடங்கள் பலவற்றில் பூச்சுக்கு உள்ளே இருப்பது செங்கல், உள்ளே துளையுள்ள சுட்ட களிமண் ஓட்டுக்கல் அல்லது கான்கிரீட். மண் இல்லை என்பதால் ஸ்டாம் வீடு போலி என்றால், ஊர் பெருமைப்படும் கட்டடங்கள் பலவற்றையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டிவரும். கேட்க வேண்டியது வேறு. இந்த வடிவம் முதலில் யாருடையது, அதைக் காட்டிச் சம்பாதித்த பணத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது? சான்டா ஃபேயில் வீடு வாங்கும் ஒவ்வொருவரும் இதைக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டாம் அல்புகர்க்கியில் வளர்ந்தவர். 1930களின் கடைசியில் சான்டா ஃபேயில் கட்டத் தொடங்கி, பல பத்தாண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார். லொவாட்டோ ஹைட்ஸ், காசா அலெக்ரே, காசா சொலானா, காசா லிண்டா என்று குடியிருப்புகளே அவர் கையால் உருவானவை. 1940இல் சுமார் 20 ஆயிரம் பேர் இருந்த ஊர், 1950இல் 28 ஆயிரத்தை நெருங்கிவிட்டது. போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள், மாநில அரசு குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், கடைக்காரர்கள் எல்லோருக்கும் வீடு வேண்டியிருந்தது. கையால் அறுத்து, வெயிலில் காயவைத்து, ஆள் வைத்துத் தூக்கிக் கட்டும் மண்கல் அவர்கள் வருமானத்துக்கு ஒத்துவரவில்லை. கல் காய வாரக்கணக்கில் ஆகும், உறைபனி மாதங்களில் அறுக்கவே முடியாது.

கடன் கிடைக்கும் வழியும் அதற்குள் மாறியிருந்தது. 1934க்கு முன் அமெரிக்காவில் வீட்டுக்கடன் என்றால் பெரும்பாலும் சில வருடத் தவணைதான், விலையில் பாதி வரை முன்பணமும் கட்ட வேண்டும். அந்த வருடம் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்கு அரசுக் காப்பீடு கொடுத்து, 20, 25 வருடத் தவணையை வழக்கமாக்கியது. 1944 சட்டம் போர்வீரர்களுக்கு முன்பணமே இல்லாமல் கடன் வாங்கும் வழியைத் திறந்தது. மாதத் தவணை ஒரு குமாஸ்தாவின் சம்பளத்துக்குள் அடங்கியது இதனால்தான். கட்டுபவரின் நல்ல மனசு மட்டும் இதற்குப் போதாது. இதன் இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே நிர்வாகம் தொடக்க காலத்தில் வெள்ளையரல்லாதவருக்கு விற்கக்கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை ஊக்குவித்தது. 1948இல் உச்ச நீதிமன்றம் அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்றது. எந்த ஊரில் அந்தக் காலத்து வீட்டை வாங்கினாலும் மூலப்பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்த வாசகம் இருந்தாலும் இன்று செல்லாது. நம் போன்றவர்கள் அன்று அந்த வாசலில் எங்கே நின்றிருப்போம் என்பதாவது தெரியவரும்.

இனி வீட்டுக்குள் போவோம். ஸ்டாம் எதில் மிச்சம் பிடித்தார், எதில் மிச்சம் பிடிக்கவில்லை என்பதில்தான் அவர் திறமை இருக்கிறது. அறைகள் சிறியவை, பெரும்பாலும் 1,000 முதல் 1,500 சதுர அடிக்குள் மொத்த வீடும் அடங்கிவிடும். வரைபடம் சிலதான். அதையே இடவலமாகப் புரட்டியும் தெருவைப் பார்த்துத் திருப்பியும் வைத்ததால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒன்றுபோலத் தெரியாது. விகா ஹாலில் மட்டும் இருக்கும். படுக்கையறைகளுக்கு மேல் சாதாரண மரச்சட்டமும் பூசிய கூரையும். ஆனால் ஹாலில் இருக்கும் விகா பெரும்பாலும் நிஜமாகவே கூரையைத் தாங்குவது, அலங்காரத்துக்கு ஒட்டவைத்ததல்ல. தரைக்கு ஓக் பலகை. மூலையில் கணப்படுப்பு. அதில் விறகைப் படுக்கவைக்காமல் செங்குத்தாகச் சாய்த்து வைத்து எரிப்பார்கள், புகை நேராக மேலே போய்விடும். சுவரில் சின்ன மாடம், உத்திரத்துக்குக் கீழே செதுக்கிய தாங்குகட்டை, தகரத்தில் செய்த விளக்கு. குடும்பம் உட்காரும் ஒரு அறைக்குச் செலவை ஒதுக்கிவிட்டு மற்றதை எளிமையாக விட்டிருக்கிறார். சின்ன வீட்டை இதைவிட நன்றாகத் திட்டமிட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து சான்டா ஃபே வீடுகளில் மண்நிறப் பூச்சுக்கு உள்ளே நான்கு வகையில் ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்று அடோபி. இன்னொன்று, மாநிலச் சிறையில் கைதிகள் சுட்ட, உள்ளே துளையுள்ள களிமண் ஓட்டுக்கல். இதை ஊரில் பென் டைல் என்பார்கள். மூன்றாவது ப்யூமிஸ் பிளாக், ஹேமெஸ் மலைப் பக்கத்து எரிமலை நுரைக்கல்லைச் சேர்த்து வார்த்த ஹாலோ பிளாக். சாதாரண சிமென்ட் பிளாக்கைவிட எடை குறைவு, குளிரையும் கொஞ்சம் நன்றாகத் தடுக்கும். நான்காவது வெறும் மரச்சட்டம். போருக்குப் பிந்தைய ஸ்டாம் வீடுகளில் பிளாக் சுவரை எதிர்பார்த்துப் போங்கள். பின்னால் சேர்த்த அறைகளில் மரச்சட்டம் வரலாம்.

கண்டுபிடிப்பது எளிது. ஜன்னல் ஓரத்தில் சுவரின் முழுக் கனத்தை அளந்து பாருங்கள். 6 இன்ச் அளவுக்கு இருந்தால் மரச்சட்டம், 9, 10 இன்ச் என்றால் அநேகமாகப் பிளாக் அல்லது ஓட்டுக்கல், ஒரு அடியோ அதற்கு மேலோ போனால் அடோபியாக இருக்கலாம். இது உத்தேசம்தான். உள்ளே கூடுதல் பலகை அடித்திருந்தால் கணக்கு மாறிவிடும். சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டுமென்றால், வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒரு அலமாரிக்குள் கண்ணுக்குப் படாத இடத்தில் சின்னத் துளை போட்டுப் பாருங்கள். துரப்பணத்தோடு செங்கல் சிவப்பில் தூள் வந்தால் பென் டைல். வெளிர் சாம்பலில் நறநறவென்று வந்தால் ப்யூமிஸ். பழுப்பில் மாவு மாதிரி வந்தால் அடோபி. ஒன்றுமே வராமல் துரப்பணம் சட்டென்று வெற்றிடத்துக்குள் போய்விட்டால் மரச்சட்டம். பென் டைல் சுவரில் கனமான எதையும் மாட்டும் முன் யோசிக்க வேண்டும். ஓட்டின் சுவர் மெல்லியது, சாதாரண ஆணி பிடிக்காது.

மண் இல்லை என்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. மண் சுவர் மூச்சு விட வேண்டும். அதன் மேல் சிமென்ட் பூசினால், விரிசல் வழியாக உள்ளே போன ஈரம் வெளியே வராது. ராஞ்சோஸ் டே டாவோஸில் இருக்கும் சான் ஃப்ரான்சிஸ்கோ தேவாலயத்துக்கு 1967இல் சிமென்ட் பூசினார்கள். உள்ளே ஈரம் தங்கிச் சுவர் கெடுவது தெரிந்து, 1979இல் அந்தப் பூச்சை உரித்துவிட்டு மறுபடி மண்பூச்சுக்கே போனார்கள். இப்போது வருடா வருடம் ஊர்மக்கள் கூடி மண் குழைத்துப் பூசுகிறார்கள். முன்பெல்லாம் மண்பூச்சு வேலையே பெண்களின் கையில் இருந்தது, அவர்களை என்ஹர்ரதோரா என்று மரியாதையாகச் சொல்வார்கள். வருடந்தோறும் அப்படிப் பூச ஒரு சமூகம் இல்லாத இடத்தில், பிளாக் சுவரும் சிமென்ட் பூச்சும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஜோடி. பராமரிப்பு இல்லாமல் சிமென்ட் போர்த்திய அடோபி வீட்டையும் நல்ல ஸ்டாம் வீட்டையும் முன்னால் வைத்து எதை எடுப்பாய் என்று கேட்டால், நான் ஸ்டாம் வீட்டைத்தான் எடுப்பேன்.

உங்கள் பணமும் கவலையும் போக வேண்டிய இடம் கூரை. சான்டா ஃபே கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. வருடத்துக்கு 14 இன்ச் அளவுக்குத்தான் மழை, பனி எல்லாம் சேர்த்து. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் இடியோடு மொத்தமாகக் கொட்டும். குளிர்காலத்தில் பகலில் உருகி ராத்திரியில் உறையும், அது வாரக்கணக்கில் தொடரும். விரிசலில் போன தண்ணீர் உறைந்து விரிந்து விரிசலைப் பெரிதாக்கும். முதலில் கெடுவது கைப்பிடிச் சுவரின் தலைப்பாகம். வீட்டைப் பார்க்கப் போகும்போது ஏணி கேட்டு மேலே ஏறுங்கள். தலைப்பூச்சில் முடி அளவு விரிசல் இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கிய வட்டக்கறை இருக்கிறதா, ஒவ்வொரு கனாலேயும் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இறங்கி, ஒவ்வொரு கனாலேக்கு அடியிலும் சுவரில் கோடு கோடாகக் கறை இருக்கிறதா பாருங்கள். கறை இருந்தால் தண்ணீர் தள்ளி விழவில்லை, சுவரோடு வழிகிறது. வடக்குப் பக்கத்துக் கனாலேயில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும். விகாவின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உளுத்திருக்கிறது. முனை மட்டும் உளுத்தால் வெட்டி ஒட்டலாம். சுவருக்குள் வரை போயிருக்கிறதா என்பதை என்னாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. திறந்துதான் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு கட்டமைப்புப் பொறியாளர் தேவை.

இந்த வீடுகளில் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில் பரண் போல இடம் கிடையாது. அதனால் குளிர்காப்புப் பொருளைக் கூரை புதுப்பிக்கும்போது மேலே போடுவதுதான் சரி. விகாவை மறைத்து அடியில் பலகை அடிக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். மேலே கனமாகப் போட்டால் கூரைமட்டம் உயர்ந்து கைப்பிடிச் சுவர் குட்டையாகிவிடும், கனாலேயையும் உயர்த்த வேண்டிவரும். மதிப்பீடு வாங்கும்போதே இதைக் கேளுங்கள். பழைய கூரையை எடுக்காமல் அதன் மேல் மேல் போட்டிருந்தால் எத்தனை அடுக்கு என்றும் கேளுங்கள், அந்த எடையைத் தாங்குவது எழுபது வயது மரம்.

மற்றவை வழக்கமான பழைய வீட்டுச் சங்கதிகள். ஒற்றைக் கண்ணாடி இரும்பு ஜன்னல்கள் அழகு, ஆனால் குளிர் நுழையும். துருப்பிடித்த நாகமுலாம் தண்ணீர்க் குழாய், நிலத்தொடர்பு இல்லாத மின்கம்பி, மர வேர் நுழைந்த களிமண் சாக்கடைக் குழாய் அல்லது தார்க்காகிதக் குழாய் இருக்கலாம். 1978க்கு முந்தைய வீடு என்பதால் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தரை ஓட்டில் கல்நார் இருக்கிறதா என்பது பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தால்தான் தெரியும்.

நீங்கள் பார்த்த வீடு காசா சொலானாவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலத்தைப் பற்றி விளம்பரத்தில் போட மாட்டார்கள், ஆனால் அங்கே குடியேறுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1942 மார்ச் முதல் 1946 ஏப்ரல் வரை அங்கே அமெரிக்க நீதித்துறையின் தடுப்பு முகாம் இருந்தது. ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 4,555 பேரை வெவ்வேறு காலத்தில் அங்கே அடைத்துவைத்தார்கள். பலர் பௌத்த குருமார்கள், மொழி ஆசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், மீனவர்கள். யாரும் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்கள் இல்லை. முகாமைப் பிரித்தபின் அந்த நிலத்தில்தான் ஸ்டாமின் வீடுகள் எழுந்தன. நினைவுக்கல் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது ஊரில் பெரிய கசப்பு எழுந்தது. பிலிப்பைன்ஸின் பத்தானில் ஜப்பானியப் படையிடம் சிறைப்பட்ட நியூ மெக்ஸிகோ வீரர்கள் சுமார் 1,800 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே ஊரில் இருக்கின்றன. இரண்டு துயரத்தையும் கேட்டுவிட்டுத்தான் 2002இல் கல் வைத்தார்கள். குடியிருப்பைப் பார்த்தபடி குன்றின் மேல் ஃப்ராங்க் ஒர்டிஸ் பூங்காவில் அது இருக்கிறது. வீட்டைப் பார்க்கப் போகும் அன்றே அங்கேயும் போய் வாருங்கள்.

கடைசியாக விலை. "ஸ்டாம் வீடு" இன்று தரகர்கள் பெருமையாகச் சொல்லும் பெயராகிவிட்டது. ஆசிரியர் சம்பளத்துக்காகக் கட்டிய வீட்டை இன்றைய ஆசிரியர் ஒருவர் தன் சம்பளத்தில் வாங்க முடியாத நிலை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஓக் தரை, நிஜ விகா, வேலை செய்யும் கணப்படுப்பு, நகர மையத்துக்கு அருகில் மரம் வளர்ந்த தெரு, இவற்றுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். வெறும் பெயருக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அதே தெருக்களில் மற்றவர்கள் கட்டிய வீடுகளுக்கும் அந்தப் பெயர் தாராளமாக ஒட்டிக்கொள்கிறது. கவுன்டி அலுவலகத்தில் அந்த மனைப்பிரிவின் வரைபடத்தையும் முதல் விற்பனைப் பத்திரத்தையும் பார்த்தால் விற்றது யார் என்று தெரிந்துவிடும். கார் ஷெட்டை அறையாக மாற்றியிருந்தால் அதற்கு அனுமதி வாங்கினார்களா என்றும் அதே நடையில் நகர அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் சாக்கடைக் குழாயில் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மொட்டை மாடிக் கூரையே தொழிலாக உள்ள ஒருவரை மேலே ஏற்றிப் பார்க்கவையுங்கள். பொதுவான வீட்டுப் பரிசோதகர்கள் பலர் ஏணியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கூரைக்காரர் கொடுக்கும் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.